முருங்கைப் போத்து

தண்ணீர் கேன் மறுபடியும் காலியாகியிருந்தது. காலையில் ஷிப்டுக்குப் போகும்போது நம்பிராஜனே சீல் பிரித்துக் கவிழ்த்துவைத்த கேன். வீட்டில் இருந்தது அவன் மனைவி செல்வலட்சுமி மட்டும்தான். கேனில் ஓட்டை இல்லை, தரையில் ஈரமில்லை. புது அறையில் பாய் விரித்துப் படுத்திருந்த அவளுடைய உதடுகள் வெடித்துத் தோல் உரிந்திருந்தன.

"எல்லாம் நாந்தான் குடிச்சேன். இன்னும் தாகமா இருக்குங்க."

"அம்புட்டையுமா? ஏட்டி, நீ என்ன ஒட்டகமா?"

அவள் சிரிக்கவில்லை.

ஒரகடத்தில் அவன் வேலை பார்க்கும் லைனில் மெஷின் நின்றால் முதல் பதிலோடு விடமாட்டார்கள். ஏன் நின்றது? பெல்ட் அறுந்தது. ஏன் அறுந்தது? பதில் தீரும்வரை ஏன், ஏன் என்று கீழே இறங்க வேண்டும். அப்படி இறங்குவது அவனுக்குப் பிடித்த வேலை. உள்ளே போன தண்ணீர் எங்காவது வெளியே வந்தாக வேண்டும். அவளுக்கு வியர்க்கவில்லை. பாத்ரூம் பக்கமே போகவில்லை. சர்க்கரையும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியானால் எங்கே போகிறது?

அறையை ஒட்டிய காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கங்கம்மாளின் முருங்கை மொட்டையாக நின்றது. புது அறை கட்டிக்கொண்டிருந்தபோது, மழை விட்டதும் அதில் கம்பளிப்பூச்சி அடைந்து, சுவர் தாண்டி வந்ததில் செல்வலட்சுமியின் கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. "ஞாயித்துக்கெயம பந்தம் காட்டி கொளுத்திடறேன், பொறுத்துக்கோ" என்றாள் கங்கம்மாள். அவன் பொறுக்கவில்லை. அவள் கம்பெனி கேன்டீனுக்கு வேலைக்குப் போயிருந்த பகலில் ரம்பக்காரனைக் கூட்டிவந்து வெட்டினான். புது அறையின் அடித்தளத்தை நிரப்ப மண் பற்றவில்லை. கிளைகளைத் துண்டு போட்டு அதற்குள் தள்ளி, மண்ணை மூடி, டைல்ஸ் ஒட்டிவிட்டான்.

திரும்பி வந்த கங்கம்மாள் சத்தம் போடவில்லை.

"வெட்ன எடத்துல சாணி அப்பினியா தம்பி?"

"செத்தா சாவட்டும்க்கா."

"முருங்க சாவாது. போத்து எங்க கெடந்தாலும் பொழச்சிக்கும். தண்ணியத் தேடிகினு போவும்."

உண்மைதான். முருங்கைத் தண்டு பஞ்சு மாதிரி, தனக்குள் நீரைச் சேர்த்துவைத்திருக்கும். வெட்டிப் போட்ட துண்டும், அதாவது போத்தும், வேர் விடும். மேல்முனை திறந்து கிடந்தால்தான் அந்த நீர் காய்ந்துபோகும். அதனால் சாணியால் மூடுவார்கள். டைல்ஸுக்கு அடியில் எதுவும் காயாது.

கேன் காலியான அன்று சாயங்காலம் கரண்ட் போனது. ஃபேன் மெல்லச் சுற்றி ஓய்ந்ததும், தூரத்தில் கன்டெய்னர் லாரிகளின் உறுமலும், பிய்த்த முருங்கைப் பட்டையின் காரமான பச்சை வாசனையும், இருட்டில் சொம்பை வாயில் கவிழ்த்துக் குடித்துக்கொண்டிருந்த செல்வலட்சுமியின் தொண்டைச் சத்தமும் மட்டும் அறையில் மிஞ்சின. மடக். மடக். அவள் சொம்பைக் கீழே வைத்தாள்.

மடக்.

தரைக்கு அடியில்.

அவளுடைய முதுகுக்கும் பாய்க்கும் நடுவே கையை நுழைத்தான். பாய் கிழிந்திருந்தது. விரல் தடிமனில் ஏதோ தட்டுப்பட்டது. ஈரமாக. துடித்துக்கொண்டு. ஒன்று இல்லை. நிறைய.

அவளைத் தூக்கினான். அவளோடு டைல்ஸும் எழும்பியது.

"இழுக்காதீங்க. வலிக்கி."

அரிவாள்மணையை எடுத்தான். அவள் முதுகிலிருந்து தரைக்குள் இறங்கியிருந்த வேர்களை அறுத்தான். ரத்தம் வரவில்லை. பழுப்புப் பிசின் வடிந்தது. அவள் கன்னம் ஒட்டியது. கை சூம்பியது. கண் உள்ளே போனது.

"யக்கா! யக்கா!"

கங்கம்மாள் செல்போன் வெளிச்சத்தோடு வந்து நின்றாள். பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"இத்தையும் வெட்டிட்டியா? ரம்பக்காரன் வரலியா இன்னிக்கி?"

"காப்பாத்துங்கக்கா. என்ன செய்யணும்?"

"போத்த இன்னா செய்வாங்க? நடுவாங்க."

இப்போது செல்வலட்சுமி காம்பவுண்டு ஓரத்தில் நிற்கிறாள். முழங்கால்வரை மண். அறுத்த இடங்களிலும் உச்சந்தலையிலும் சாணி. அவன் ஷிப்டுக்குப் போகும் முன் ஒரு குடம், வந்ததும் ஒரு குடம். இமை அசைவதில்லை. தண்ணீர் ஊற்றும்போது மட்டும் தொண்டை ஏறி இறங்குகிறது. நகக்கண்களில் பச்சை விட்டிருக்கிறது.

நேற்று மழை விட்டது. இன்று காலை அவள் கழுத்தடியில் கம்பளிப்பூச்சிகள் கொத்தாக அடைந்திருந்தன. கங்கம்மாள் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

மரத்தை வெட்ட வேண்டியதில்லை. நீளக் கம்பின் நுனியில் பழந்துணியைச் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்துப் பற்றவைத்து, பூச்சி அடைந்திருக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் காட்டினால் போதும்.