திங்கட்கிழமைக்குப் போகாத கோடு

"இந்த வழி இல்லவே இல்லையே..."

நாரே நிமிர்ந்து பார்த்தாள். கொரியாவின் தேஜோன் நகரப் பல்கலைக்கழக அரங்கில் ஆய்வுச் சுவரொட்டிகள் வரிசையாகத் தொங்கின. அவளுடைய சுவரொட்டிக்கு முன்னால், மழையில் நனைந்த தலையோடு ஒருவன் நின்றான். சின்னக் கண்கள். அவை அவளைப் பார்க்கவே இல்லை, அவள் வரைந்த கோட்டையே பார்த்தன. அதுவே எரிச்சலாக இருந்தது.

"எது இல்ல?"

"ஊர்ல காய்ச்சல் எப்படிப் பரவுதுன்னு பாக்குறீங்க. எல்லாரையும் கேக்க முடியாதுன்னு சில பேரைப் பொறுக்கி எடுத்து, அவங்க பாத்தவங்க, அப்புறம் அவங்க பாத்தவங்கன்னு ஆள் தாண்டி ஆள் போறீங்க. சரிதானே?"

"சரிதான்."

"இந்த டீச்சர் பஸ் டிரைவரைப் பாத்தது செவ்வாய்க்கிழமை. டிரைவர் கடைக்காரம்மாவைப் பாத்தது திங்கக்கிழமை. அப்போ டீச்சரோட காய்ச்சல் கடைக்காரம்மாவுக்கு எப்படிங்க போகும்? செவ்வாயிலேர்ந்து திங்களுக்கு பஸ் விடுறாங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுடைய பேராசிரியர் சிரிக்கவில்லை. எல்லா நாட்களின் சந்திப்புகளையும் ஒரே தாளில் கொட்டியிருந்தாள் நாரே. எது முன், எது பின் என்று பார்க்கவே மறந்திருந்தாள். காது மடல்வரை சூடேறியது.

அன்று மாலையும் மழை விடவில்லை. கல்குக்சு நூடுல்ஸ் கடையில் கூட்டம் நெரிந்தது. கடைக்காரம்மா அவளைத் தோளைப் பிடித்து, காலியாக இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்த்தினாள். எதிரே... அவன்.

"கோபமா?"

"நூடுல்ஸ் ஊறிடும். சாப்பிடுங்க."

"என் பேர் இன்சோப். நானும் இங்கதான் படிச்சேன், உங்களுக்கு முன்னாடி."

"அப்போ சீனியர். பில் நீங்கதான் கட்டணும்."

"தலைகுனிய வெச்சதுக்கு அபராதமா?"

"அபராதம் தனி. இது வழக்கம்."

அவன் சிரித்தான். கண்கள் சுருங்கிக் காணாமலே போயின. பாவி, சிரிச்சா நல்லாத்தான் இருக்கான்... என்று நினைத்தவள், சட்டென்று கிண்ணத்துக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அப்புறம் அதே கடை, அதே மேசை. ஒவ்வொரு சந்திப்புக்கும் தேதி போட்டு, நாள் முன்னோக்கிப் போகும் பக்கம் மட்டும் ஆள் தாண்டும்படி, இருவரும் சண்டை போட்டுச் சண்டை போட்டே அவள் ஆய்வைத் திரும்பக் கட்டினார்கள். ஜூன் மாத மாலை ஒன்றில், ஒரே குடைக்குக் கீழே, பஸ் நிறுத்தத்தில் அவன் சொன்னான்.

"நாரே... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ஜூலை கடைசியில வேலைக்கு பூசான் போறேன். அதுக்குள்ள ஒரு பதில் சொன்னா போதும்."

மனசு துள்ளியது. ஆனால் அன்று மதியம்தான் ஆய்வுக்கூடத்தில் யாரோ, 'இன்சோப் சீனியர் இல்லேன்னா நாரே கதை அவ்வளவுதான்' என்று சொன்னது காதில் விழுந்திருந்தது. அந்த முள் இன்னும் உள்ளேயே இருந்தது.

"என் ஆய்வைத் திருத்தினீங்க... இப்போ என்னையும் திருத்தணுமா?"

அவன் குடையை அவள் கையில் கொடுத்துவிட்டு மழையில் இறங்கி நடந்தான்.

ஜூலை போனது. அவள் கூப்பிடவில்லை. கட்டுரை என் பேரில் வரட்டும், தலைநிமிர்ந்து போய்ச் சொல்கிறேன் என்று வீம்பாக இருந்துவிட்டாள். அடுத்த மழைக்காலத்தில்தான் கட்டுரை வந்தது. வந்த அன்றே அவனுக்குச் செய்தி அனுப்பினாள். உடனே பதில் வந்தது.

'நானே பேசணும்னு இருந்தேன். சனிக்கிழமை தேஜோன் வரேன். அதே கடை. சாப்பாடு என் செலவு.'

சீனியர் ஆச்சே... என்று தனக்குள் சிரித்துக்கொண்டு, மறக்காமல் அவன் குடையையும் எடுத்துக்கொண்டு போனாள்.

அவன் பைக்குள் கையை விட்டபோது அவள் முந்திக்கொண்டாள்.

"நான் முதல்ல சொல்லிடறேன் சீனியர், இல்லேன்னா தைரியம் போயிடும். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. போன வருஷமே பிடிச்சிருந்தது. திமிரு... சொல்லல."

பைக்குள் போன கை அங்கேயே நின்றது. பிறகு வெளியே வந்தபோது அதில் ஒரு வெள்ளை உறை இருந்தது.

அவனுடைய கல்யாணப் பத்திரிகை. அந்த ஊர் வழக்கப்படி, சாப்பாடு வாங்கிக் கொடுத்துத்தான் அதை நேரில் கையில் தருவார்கள். அப்படி எத்தனை தோழிகள் தந்த சாப்பாட்டை அவள் சாப்பிட்டிருக்கிறாள்... இது மட்டும் எப்படித் தோன்றாமல் போனது? ஆசை அவள் கண்ணைக் கட்டிவிட்டது, வேறென்ன.

"ஜூலை முழுக்க போனையே பாத்துட்டு இருந்தேன், நாரே."

அவள் உறையைப் பிரிக்கவில்லை. ஈர மேசையில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். அவனிடமிருந்து அவளுக்கு. இன்னொன்று, அவளிடமிருந்து அவனுக்கு. ஒரே தாளில் போட்டால் குறையே சொல்ல முடியாத படம். தேதி போட்டால்தான் இடிக்கும்.

"கல்யாணம் என்னிக்கு?"

"அடுத்த மாசம்... ஒரு சனிக்கிழமை."

"நல்லவேளை, சனிக்கிழமைக்கு பஸ் உண்டு. நான் இன்னும் செவ்வாய்க்கிழமையிலேயே நிக்கிறேன் சீனியர். திங்கக்கிழமைன்னா எனக்கு பஸ் கிடையாது."

அவன் சிரிக்கப் பார்த்தான். அந்தச் சின்னக் கண்கள் இந்த முறை சுருங்கவில்லை, நிறைந்தன.

குடையை மேசைமேல் வைத்துவிட்டு நாரே மழையில் இறங்கி நடந்தாள்.