ஆறு மணிக்கு வருவேன்

மூன்று நாளுக்கு முன் யசோதரா எழுதிய வரிக்கு அடியில் யாரோ ஒரு சிரிப்பை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு புள்ளி, ஓர் அடைப்புக்குறி. அவ்வளவுதான்.

அந்த வரியைப் பார்க்கக்கூடியவள் உலகத்திலேயே ஒருத்திதான். குவைத்தில் இருக்கும் அக்கா மலிகா. மெயிலில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவைக்கலாம் அல்லவா, அதையே எட்டு மாதமாக அக்காவுக்குக் கடுதாசி ஆக்கியிருந்தாள் யசோதரா. 'நெட்டுக்குப்பத்தில் வீடு கிடைத்தது, பச்சைக் கதவு.' 'பாப்பாவுக்கு ஜுரம் விட்டது.' மலிகா சிரிப்பு வைக்கிற ரகம் இல்லை.

மவுஸை நகர்த்தினாள். சிரிப்புக்குப் பக்கத்தில் பெயர் இருந்தது.

ராமதாஸ்.

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் அவள் வேலை பார்க்கும் ஆபீஸ் அறையில் ஏ.சி.யின் ஈர நாற்றமும், வெளியே வரிசைகட்டி உறுமும் டிரெய்லர்களின் டீசல் புகையும், மணலிப் பக்கமிருந்து காற்றில் வரும் அழுகிய முட்டை வாடையும் தினமும் கலந்து கிடப்பவைதான். இன்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவள் விட்டு ஓடிவந்த அந்தப் புருஷன் இஸ்திரிப்பெட்டியை வைத்த தழும்பு, ரவிக்கைக்கு அடியில், தானாகக் கூசியது.

கம்ப்யூட்டர் பார்க்கும் பக்ருதீனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"மெயில்காரன் புச்சா ஒண்ணு வுட்டுகீறான்க்கா. நீ யாருக்கு ஜாஸ்தியா மெயில் போடறியோ, அவன அதுவே தோஸ்துன்னு சேத்துக்கும். நீ எழுதறதெல்லாம் அவனுக்குக் காட்டும். உன்னிய ஒரு வார்த்த கேக்காது." சிரித்துக்கொண்டே சொன்னவன் அவள் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

ஜாஸ்தியாக ராமதாஸுக்குத்தான். போனில் மிரட்டினால் சாட்சி கிடையாது, எல்லாம் மெயிலில் வரட்டும், ஒவ்வொன்றுக்கும் 'கிடைத்தது' என்று மட்டும் பதில் போடு என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். பிள்ளையைத் தூக்கிவிடுவேன் என்று எழுதுவான். கிடைத்தது. எங்கே ஒளிந்தாலும் வருவேன் என்று எழுதுவான். கிடைத்தது. எட்டு மாதமாக, விடாமல். இவன்தான் இவளுக்கு ரொம்ப வேண்டியவன் என்று அந்த மெஷின் முடிவு கட்டியிருந்தது.

பக்ருதீன் அதை அணைக்க வழி தேடினான். திரையில் அவள் காலையில் எழுதிய வரி நின்றது. 'வீட்டுச் சாவியும் பாப்பாவும் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவிடம். ஆறு மணிக்கு வருவேன்.'

அதன் அடியில், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு சொல் முளைத்தது.

'கிடைத்தது.'

பச்சையம்மாவுக்குப் போன் அடித்தாள்.

"மலிகா வூட்டுக்காரரு வந்துகீறாரே கண்ணு, குவைத்துலேர்ந்து. பாப்பா ஜுரத்தகூட விசாரிச்சாரு. சாவி குடுத்துட்டேன். உள்ள பாப்பாகூட குந்திகினு கீறாரு." பச்சையம்மாவின் குரல் தணிந்தது. "பாப்பாதான் இன்னாத்துக்கோ வாயே தொறக்க மாட்டேங்குது."

லைன் செத்தது.

மறுபடி அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. பக்ருதீன் போலீசுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கும்போதே படியிறங்கி ஓடினாள். மணி நாலரை. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் எண்ணூர் ரோடு முழுக்க இடைவெளியில்லாமல் நின்றன. பஸ் நகரவில்லை. ஆட்டோ நுழையவில்லை. ஓடினாள். சக்கரங்களுக்கு நடுவே. கடலோரக் கருங்கல் சரிவில். செருப்பு அறுந்தது. போன் மட்டும் கையில். அடித்துக்கொண்டே இருந்தாள்.

நெட்டுக்குப்பம்.

பச்சையம்மாவின் வாசல் திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை.

தன் வீட்டுப் பச்சைக் கதவு. சாத்தியிருந்தது. கொக்கியில் திறந்த பூட்டு தொங்கியது, சாவியோடு. கையிலிருந்த போனில் இன்னும் மணி போய்க்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து, பச்சையம்மாவின் போன் ஒலித்தது.

நின்றது.

யாரோ எடுத்தார்கள்.

"மணி ஆறு," என்றான் ராமதாஸ், அவள் காதுக்குள். "சொன்ன டைமுக்கு வந்துட்ட."

கடல்காற்று தின்று நாலு விரல் தேய்ந்த கதவடியில் விளக்கு வெளிச்சம். அதில் இரண்டு பெரிய பாதங்கள். அவற்றின்மேல் ஏறி, அசையாமல், இரண்டு சின்னப் பாதங்கள்.