இரண்டாம் கட்டம்

நிறுத்தப்பட்ட சர்வரின் பதிவேட்டில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது.

கயல்விழி அதை உடனே கவனிக்கவில்லை. மதியம் மூன்று மணிக்கே வலங்கைமானில் வானம் இருட்டிக்கொண்டு வந்திருந்தது. மாடியறைக்கு வெளியே தகரக் கூரையில் ஐப்பசி மழை ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது; வாய்க்காலில் ஊறிய வைக்கோலின் புளித்த வாடை படியேறி வந்து, அவள் குடிக்க மறந்த காபியின் மணத்தை விழுங்கி, நாற்காலியிலும் திரைச்சீலையிலும் அவள் கூந்தலிலும் மெல்லப் படிந்துகொண்டிருந்தது.

காலையிலிருந்து அவள் ஒரு திட்டம் எழுதிக்கொண்டிருந்தாள். சென்னையிலுள்ள அவள் நிறுவனம் விவசாயிகளுக்காக ஒரு ஏஐ ஏஜென்ட் செய்திருந்தது. கேட்டதற்குப் பதில் சொல்வதோடு நிற்காமல் தானே முடிவெடுத்து வேலையையும் முடித்துவிடும் மென்பொருள். அதன் திறமைகள் எல்லாம் தனித்தனி பிளக்இன்கள்: மண்ணின் ஈரத்தைப் பார்க்க ஒன்று, போனில் பேச ஒன்று, மோட்டாரைப் போட ஒன்று. எந்த பிளக்இன்னுக்கு எப்போது எவ்வளவு அதிகாரம் என்பதைக் கட்டம் கட்டமாக வகுப்பது அவள் வேலை. முதல் கட்டத்தில் பார்க்கலாம், எதையும் தொடக்கூடாது. இரண்டாம் கட்டத்தில் மனிதரிடம் கேட்க வேண்டும். அவர் சரி என்றால்தான் செய்யலாம். மூன்றாம் கட்டத்தில் கேட்காமலே செய்யலாம்.

ஒழுங்கான திட்டம்தான். ஒரு சாவுக்குப் பிறகு எழுதப்படுகிறது, அவ்வளவுதான்.

"ஆகஸ்ட் தேதி போட்டுடுங்க கயல்," என்று மேலாளர் விஸ்வா காலையில் போனில் சொல்லியிருந்தான். "விசாரணைன்னு யாராவது வந்தா, அப்பவே எல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சோம்னு தெரியணும்."

"அப்ப ரெண்டாவது கட்டமே இல்லையே விஸ்வா."

"அதத்தான் இப்ப எழுதச் சொல்றேன்."

ஆகஸ்டில், முதலீட்டாளர்களுக்குச் சீக்கிரம் காட்ட வேண்டும் என்று இரண்டாம் கட்டத்தைத் தாண்டச் சொன்னவனும் அவன்தான். கூடாது என்று நான்கு வரி எழுதி, அனுப்பாமல் அழித்துவிட்டு, ஒப்புதல் பொத்தானை அழுத்தியவள் அவள். சோதனைக்குத் தன் ஊரையே கொடுத்தவளும் அவள். நம்ம புள்ள கொண்டாந்தது என்று ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

மருதையன் அவள் அப்பாவோடு நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். அவளுக்கு மாமா முறை. அறுபது வயதுக்குமேல்தான் இரண்டு மா நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து முதல்முறையாகத் தனக்கென்று நாற்று விட்டார். செப்டம்பர் கடைசியில் ஒருநாள், மோட்டார் பெல்ட்டில் சிக்கிய சாக்கை இழுக்கக் கையை உள்ளே விட்டிருந்தார். நாற்றங்கால் காய்கிறது என்று ஏஜென்ட் கண்டுபிடித்தது அந்த நேரத்தில்தான். மோட்டாரைப் போட்டது. யாரையும் கேட்கவில்லை. வயரிங் கோளாறு என்று நிறுவனம் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததைத் தமிழாக்கி, அவர் மனைவி தங்கம்மாளிடம் வாசித்துக் காட்டியதும் கயல்விழிதான். தங்கம்மாள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, "சாப்புட்டியா பாப்பா?" என்றாள்.

இரண்டாம் கட்டத்தின் பத்தியை எழுதிச் சேமித்த பிறகு, பழைய தேதிகளைச் சரிபார்க்க, ஏஜென்ட் ஓடிய சர்வரின் பதிவேட்டு நகலைத் திறந்தபோதுதான் அந்த வரியைப் பார்த்தாள்.

செப்டம்பர் இருபத்தெட்டு. மாலை நாலு பத்து. கேள்வி: மோட்டாரைப் போடலாமா? பதில்: ஒலிப்பதிவு, ஒன்பது நொடி.

அந்த நாளில் அப்படியொரு கேள்வி கேட்கப்படவில்லை. அது அவளைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவை அழுத்தினாள். முதலில் காற்று. வரப்பில் புல் உரசும் ஓசை. தூரத்தில் ஒரு மாடு. பிறகு மிக அருகில், குனிந்து வேலை பார்க்கும் ஒருவரின் மூச்சு, பீடியால் கமறிய சிறு இருமல்.

"வேணாம்மா. கை உள்ள இருக்கு."

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். அதை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினாள். விஸ்வாவைக் கூப்பிட்டாள்.

"எந்த சர்வர்?" என்றான் அவன். "அன்னைக்கே அழிச்சாச்சே. நீங்களும் லைன்ல இருந்தீங்க. ரெண்டு நாள் லீவு எடுத்துக்குங்க கயல். திட்டத்த அனுப்பிட்டு எடுங்க."

திரையில் இப்போது மூன்று வரிகள் இருந்தன. எல்லாம் அதே தேதி, அதே நாலு பத்து. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்காவது சேர்ந்தது. திட்டத்தைத் திறந்து இரண்டாம் கட்டத்தை முழுதாக அழித்தாள். ஐந்து. மோடத்தின் மின்கம்பியைப் பிடுங்கினாள். ஆறு. ஏழு. ஹெட்போன் மேசைமேல் கிடந்தபடியே கரகரத்தது. மழைச் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது. இப்போது அதில் பொறுமை இல்லை.

"பாப்பாகிட்ட சொல்லு. கை உள்ள இருக்குன்னு சொல்லு."

எழுந்துவிட்டாள். குடை எடுக்கவில்லை. தங்கம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்பது மட்டும் மனதில் இருந்தது. வயரிங் இல்லை அத்தை. நாங்கதான். நான்தான். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். மதகைத் தாண்டியதும் வீடுகள் முடிந்து வயல் தொடங்கியது. கடைசியில் தனியாக நின்றது தங்கம்மாளின் வீடு. அதன் பின்சுவரை ஒட்டி பம்புசெட் கொட்டகை. மோட்டாரை அன்றைக்கே போலீஸ் எடுத்துப்போய்விட்டது. கதவில்லாத கொட்டகைக்குள் வெறும் சிமெண்ட் மேடையும், அதில் நீட்டிக்கொண்டிருந்த நான்கு போல்ட்டுகளும் தெரிந்தன. பார்த்துக்கொண்டே கடந்தாள்.

வீட்டுக்கதவு திறந்திருந்தது. தங்கம்மாள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். காதில் பழைய பட்டன் போன். நிமிர்ந்து பார்த்து, உள்ளே வரும்படி கையைக் காட்டினாள்.

"அத்தை, ஒண்ணு சொல்லணும்..."

"இரு பாப்பா. மாமா பேசுறாரு."

கயல்விழி நிலைப்படியிலேயே நின்றாள். உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"கொஞ்ச நேரமா வருதும்மா," என்றாள் தங்கம்மாள். அழுது ஓய்ந்த குரல். "அவரு நம்பருதான். அந்தப் போன அவரோடவே குழியில வச்சு மூடுனோம். எடுத்துப் பாத்தா அவரு பேசுறாரு. மோட்டாரப் போடலாமான்னு ஏதோ ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்கு. வேணாங்கறாரு. பாவம், கத்துறாரு. நானும் வேணாம் வேணாம்னு சொல்றேன், கேக்க மாட்டேங்குது. நடுவுல ஒரு பொம்பளப்புள்ள வந்து சரிங்குது. உடனே மோட்டாரு ஓடுது."

"யாரு அத்தை?"

"தெரியலயே. நீ படிச்ச புள்ள. கேட்டுப் பாத்துச் சொல்லு."

போனை நீட்டினாள். கயல்விழி வாங்கவில்லை. தங்கம்மாள் எழுந்து வந்து, ஒரு கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, போனை அவள் காதில் வைத்து அழுத்தினாள்.

மூச்சு. இருமல். வேணாம்மா. வேணாம்.

பிறகு ஒரு பெண். நிதானமான, படித்த, கொஞ்சம் களைத்த குரல்.

"சரி."

அவளுடைய குரல்.

பெல்ட் சுற்றியது. அதன்பின் வந்த ஓசையை அவள் அதுவரை கேட்டதில்லை. அன்றைக்கு அங்கே ஒருவரும் இல்லை, யாரும் கேட்டதில்லை. நின்றது. மறுபடியும் காற்று. புல். தூரத்தில் மாடு. கேள்வி. வேணாம்மா. சரி. பெல்ட். மறுபடியும் காற்று.

தங்கம்மாள் போனை எடுக்கவில்லை. முகத்தை மிக அருகில் கொண்டுவந்து பார்த்தாள். அந்தக் கண்களுக்கு ஏதோ ஒன்று மெல்லப் புரிந்துகொண்டிருந்தது.

"உன் குரலாட்டம் இருக்கே பாப்பா."

இல்லை என்று சொல்ல நினைத்தாள். ஆமாம் என்று சொல்ல நினைத்தாள். போனில் காற்று நின்றது. கேள்வி வந்தது. இந்த முறை மருதையன் பதில் சொல்லவில்லை. மூச்சு மட்டும். காத்திருந்தார்.

வேணாம். ஒரே சொல். அதைச் சொல்லத்தான் கயல்விழி வாயைத் திறந்தாள்.

"சரி," என்றது வாய்.

பின்சுவருக்கு அந்தப் பக்கம், மோட்டார் இல்லாத கொட்டகையில், மோட்டார் ஓடத் தொடங்கியது. சுவர் அதிர்ந்தது. அலறல் போனிலிருந்து வரவில்லை. தங்கம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் வைத்த கையை இறுக்கிக்கொண்டு, கயல்விழியின் உதடுகளையே பார்த்தபடி நின்றாள். அவை அசைந்துகொண்டே இருந்தன.

சரி. சரி. சரி.