போணிக்கு முன்னால் வந்தவள்

ஷட்டரைப் பாதி தூக்கியபோதுதான் அஸ்வின் அந்தக் கால்களைப் பார்த்தான். நனைந்து ஊறிப்போன ஷூ... சேறு தெறித்த டிராக் பேன்ட்... இன்னும் கொஞ்சம் தூக்கினான். இடுப்பில் ஊன்றிய ஒரு கை தெரிந்தது. மிச்சத்தையும் தூக்கினான்.

இரண்டு கண்கள்... அப்பப்பா, அப்படியொரு கோபத்தை அவன் எந்தப் பெண்ணின் கண்ணிலும் பார்த்ததில்லை. மழைத்தண்ணீர் இமை நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அழகாக இருக்கிறாளே என்று நினைக்கத் தொடங்கினான், அதற்குள் அவள் பேசிவிட்டாள்.

“கட தொறந்தாச்சா? இல்ல இன்னும் பூஜ கீஜ பாக்கி கீதா?”

பாண்டி பஜாரின் பக்கத்துத் தெருவில் இருந்தது அந்தக் கடை. முத்துலட்சுமி வாட்ச் சென்டர் என்று அம்மாவின் பெயரை வைத்திருந்தார் அஸ்வினின் அப்பா வெள்ளைத்துரை. அஸ்வின் அடையாறு கிளையைப் பார்த்துக்கொள்பவன். இங்கே நிற்கும் ஆளுக்குக் காய்ச்சல் என்று அப்பா கூப்பிட்டதால் அன்றைக்கு ஒருநாள் வந்திருந்தான். வராமல் போயிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பான், பாவம்.

அவள் கண்ணாடி மேஜைமேல் ஒரு டப்பாவை வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது, போட்டாள். கூட இருந்த பில்லில் பெயர் மணிமொழி. மேற்கு மாம்பலத்தில் பெண்கள் ஜிம் ஒன்றில் பயிற்சியாளர். மூன்று வாரத்துக்கு முன்னால் இதே கடையில் டைட்டானியம் ஸ்மார்ட்வாட்ச் ஒன்று வாங்கியிருந்தாள். கூடவே, இதைப் போட்டால்தான் அதற்கு அழகு என்று வெள்ளைத்துரை எடுத்துக்கொடுத்த விலை உயர்ந்த ரப்பர் பேண்டையும் வாங்கியிருந்தாள். இப்போது இடது கையை நீட்டினாள். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம். தோல் உரிந்திருந்தது. வாட்ச் தன்னிடமே இருக்கட்டும், இந்தச் சனியன் பிடித்த பேண்டை எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுங்கள் என்றாள்.

சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்த வெள்ளைத்துரைக்குக் கை நின்றுவிட்டது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்ட நாளாக அவர் விடாத வழக்கம் ஒன்று உண்டு. முதல் வியாபாரம் ஆகாமல் கல்லாவிலிருந்து ஒரு பைசா வெளியே போகக்கூடாது. போணிக்கு முன்னால் சரக்கு திரும்பி வருவதென்றால் அவருக்கு அன்றைய நாளே விளங்காது.

“போணி ஆவட்டும்மா. அதுவரைக்கும் இப்படி உக்காரு” என்று ஒரு ஸ்டூலை அவரே இழுத்துப் போட்டார். முதலாளியாக அவர் செய்த பெரிய தப்பு அந்த ஸ்டூல்தான்.

அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. அவள் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, மழை பெய்கிறது என்று சொல்லும் சாதாரணக் குரலில் இன்னொன்றும் சொன்னார். “நம்ம கஸ்டமர் ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்லம்மா. எல்லாம் ஏசியில இருக்கப்பட்டவுக. சில பேரு உடம்புக்கு இதெல்லாம் ஒத்துக்கிடாது.”

மணிமொழிக்குக் காது சூடாகிவிட்டது. ஒத்துக்காது... சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் பிறந்தவள் அவள். வீட்டை இடித்துப் பெரும்பாக்கத்தில் ஒரு தீப்பெட்டி வீட்டில் கொண்டுபோய் விட்டபோது, உங்களுக்கு இது போதும் என்றார்கள். ஜிம் வேலைக்குப் போகிறேன் என்றபோது, உனக்கு வராது என்றார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் வளர்ந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக, தேவை என்பதற்காக இல்லாமல் பிடித்திருக்கிறது என்பதற்காக அவள் வாங்கிய பொருள் அந்த வாட்ச். அதற்கும் தன் உடம்புதான் லாயக்கில்லை என்றால்...

பணம் இரண்டாம்பட்சமாகிவிட்டது அவளுக்கு. தப்பு உன் கையில் இல்லை, எங்கள் பேண்டில்தான் என்று இந்தக் கடை சொல்ல வேண்டும். சொல்லாமல் எழுந்திருப்பதில்லை என்று ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

முதல் ஆள் குடையை மடக்கிக்கொண்டு வந்தான். தேனாம்பேட்டை ஆபீஸ்காரன், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. டைட்டானியம் வாட்ச் கேட்டான். அஸ்வின் உற்சாகமாக எடுத்துக் காட்டினான். ஸ்டீலைவிட எவ்வளவு லேசு, இதன் கண்ணாடி சபையர், கத்தியால் கீறினாலும் கோடு விழாது என்று அடுக்கினான். அவன் சொன்னதில் பொய் இல்லை. அடுத்து பேண்டுக்கு வந்தான்.

“இந்த ரப்பர் சாதா ரப்பர் இல்ல சார். எண்ண, வேர்வ எதுவும் ஒட்டாது. வருஷக்கணக்கா உழைக்கும்.”

“ரப்பர் நல்லாத்தான் உழைக்குது” என்றது ஸ்டூல் பக்கமிருந்து ஒரு குரல். “தேயறது நம்ம தோலு.”

மணிக்கட்டையும் நீட்டிக் காட்டிவிட்டாள். ஆபீஸ்காரன் அதைப் பார்த்தான், அஸ்வினைப் பார்த்தான், ஆன்லைனில் பார்த்துக்கொள்கிறேன் என்று குடையை விரித்துவிட்டான். வெள்ளைத்துரையின் முகம் போன போக்கைப் பார்த்து அஸ்வின் அவள் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான்.

“மேடம், உங்களுக்கு என்னதான் வேணும்?”

“போணி ஆவட்டும்னுதான உக்காந்துகினு கீறேன்.”

“எங்க... ஆவ விடமாட்றீங்களே.”

“உள்ளத சொன்னா ஆவாதுன்னா, அது என் தப்பா?”

கடுப்பு வந்தது அவனுக்கு. நிஜமாகவே வந்தது. ஆனால் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பும் வந்து தொலைத்தது. அதை மறைக்க அலமாரியைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டான். இவளுக்கு ஏன் இவ்வளவு நீளமான இமை... கோபப்படுவதற்கு இது தேவையா என்ன?

மழை விடவில்லை. கடைக்கு யாரும் வரவுமில்லை. வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். விலை அதிகம் என்றாலே ஏமாற்று என்று நினைப்பது தப்பு என்றான் அவன். யார் அப்படிச் சொன்னது என்று அவள் சீறினாள். டம்பெல்லில் இடித்தும் கண்ணாடியில் ஒரு கோடு விழவில்லை, ஓரத்தில்தான் லேசாகக் கீறல். நாள் முழுக்கக் கட்டியிருந்தாலும் கனம் தெரியவில்லை. வாட்சுக்குக் கொடுத்த காசு நியாயம்தான் என்று அவளே ஒத்துக்கொண்டாள். ஆனால் இந்தப் பேண்ட் விற்கும் காசில் வீட்டுக்கு ஒரு மிக்சி வாங்கிவிடலாம். இதே கொக்கியோடு பிளாட்பாரத்தில் விற்கும் நைலான் பேண்ட் வேர்வையைக் காயவிடுகிறது, கழற்றித் துவைத்துப் போட்டுக்கொள்ளலாம். அப்படியிருக்க எதற்கு இந்தக் கொள்ளை என்றாள். வாதம் பண்ணும்போது அவள் கண் அவனை விட்டு நகரவே இல்லை. அவனும் பதில் சொல்லத் திணறினானே தவிர, வேறெங்கும் பார்க்கவில்லை.

அப்போதுதான் கமர் ஜஹான் வந்தார். ராயப்பேட்டைக்காரர். மருமகனாக வரப்போகிறவருக்கு ஒரு நல்ல வாட்ச் வாங்க வந்திருந்தார். விவரமான பெண்மணி. அஸ்வின் சொன்னதையெல்லாம் காதில் வாங்கியபடி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயும் அதே ரப்பர் பேண்ட்தான் இருந்தது.

“நீயும் அதத்தான் போட்டிருக்க. நாள் பூரா போட்டுக்க முடியுதா தம்பி? உள்ளத சொல்லு.”

அஸ்வின் அந்தக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

அந்தப் பேண்டை இறக்கியதே அவன்தான். இவ்வளவு விலைக்கு ரப்பரா, வேண்டாம் என்றுதான் அப்பா சொன்னார். அடையாறு ஆட்கள் வாங்குவார்கள், எனக்குத் தெரியும் என்று அடம்பிடித்து வாங்க வைத்தான். விற்பவன் கையில் இருந்தால்தான் வாங்குகிறவனுக்கு நம்பிக்கை வரும் என்று தானும் கட்டிக்கொண்டான். சில வாரத்தில் தோல் சிவந்தது, அப்புறம் புண்ணானது. ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவுவான், காலையில் மறுபடி கட்டிக்கொள்வான். மகன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அப்பா நம்பியிருக்க, எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

“ஒண்ணும் பண்ணாதும்மா” என்றான்.

சொல்லிவிட்டு மேல்தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினான். பேண்ட் கொஞ்சம் கீழே நழுவியது. மணிமொழி பார்த்துவிட்டாள். தன் கையில் இருக்கும் அதே சிவப்பு...

இப்போது கத்துவாள் என்று அவன் எதிர்பார்த்தான். கத்தவில்லை. காலையிலிருந்து அவன்மேலேயே இருந்த கண்களை அவள் எடுத்துவிட்டாள், அவ்வளவுதான். டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

“பெரியவரே, காசு நீங்களே வெச்சுக்கோங்க. நான் கெளம்பறேன்.”

அவள் வாசற்படிக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் அஸ்வின் தாங்கியிருப்பான். நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். இவனிடம் கோபப்பட்டு என்ன பயன் என்று அவள் விட்டுவிட்டுப் போவதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அவன் கொக்கியைக் கழற்றினான். புண்ணான மணிக்கட்டைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தான்.

“அம்மா, நான் சொன்னது பொய். இந்தப் பேண்ட வாங்காதீங்க.”

“ஏலே... என்ன பேசுத நீ?” என்று வெள்ளைத்துரை எழுந்துவிட்டார்.

“அந்தப் பொண்ணு கையில தப்பு இல்லப்பா. நம்ம பேண்டுலதான் தப்பு. எனக்கும் புண்ணாகியிருக்கு. வாங்கலாம்னு சொன்னது நான்தான... அதான் வாயத் தொறக்கல.”

வாசற்படியில் அவள் நின்றாள். திரும்பவில்லை. கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. அதை இந்தக் கடைக்காரர்களுக்குக் காட்டுவதா? விறுவிறுவென்று மழையில் இறங்கி நடந்தாள்.

வெள்ளைத்துரை மகனின் கையைத் தூக்கிப் பார்த்தார். கோபம்தான் வந்தது அவருக்கு. ஆனால் வியாபாரம் கெட்டுப்போன கோபம் இல்லை அது. “இத மறைச்சு வச்சுக்கிட்டு, அந்தப் பிள்ளைகிட்ட என்னைய அப்படிப் பேச விட்டுட்டியல நீ” என்றார். பிறகு, போணியாகாத கல்லாவைத் திறந்தார். பேண்டின் விலையை எடுத்து அவன் சட்டைப்பையில் திணித்தார்.

“போல. ஓடு. அது போயிரப் போவுது.”

மெதுவாகப் போய்விட்டு வரட்டும், எனக்கொன்றும் அவசரமில்லை என்று கமர் ஜஹான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

பாண்டி பஜார் நடைபாதையில் ஒரு துணிக்கடைக் கூரைக்குக் கீழே அவளைப் பிடித்தான். தொப்பலாக நனைந்திருந்தான். பணத்தை நீட்டினான். அப்பா மன்னிப்புக் கேட்கச் சொன்னதாகவும் சொன்னான். அப்பா அப்படிச் சொல்லவில்லை, ஆனால் அவள் போகாமல் நின்றிருந்தால் சொல்லியிருப்பார். அவள் பணத்தை வாங்கிக்கொண்டாள். அவனைப் பார்க்காமல், எதிரே போகும் ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“அந்தம்மா கேட்டப்போ பொய் சொன்னீங்கல்ல. அப்புறம் ஏன் மாத்திக்கினீங்க?”

“காலைலேர்ந்து என்னைத் திட்டிக்கிட்டே இருந்தீங்க. அது எனக்குப் பிடிச்சிருந்துது... சிரிக்காதீங்க, நிஜமாத்தான். பொய் சொன்னப்புறம் நீங்க திட்டல. மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க. அத என்னால தாங்க முடியல, மணிமொழி.” அவனுக்கு மூச்சு வாங்கியது. “இன்னைக்குத்தான் உங்களப் பார்த்தேன். இப்படிச் சொல்றது பைத்தியக்காரத்தனம்னு தெரியும். ஆனா எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. இதுல பொய் இல்ல.”

அவள் சிரிக்கவெல்லாம் இல்லை. மழை மட்டும் கூரைத் தகரத்தில் சடசடவென்று கொட்டியது. கோபப்பட்டே பழகிவிட்ட பெண்ணுக்கு, இப்படி ஒருத்தன் வந்து நின்றால் என்ன செய்வதென்று தெரியாது இல்லையா...

“கைய காட்டு” என்றாள்.

நீட்டினான். அவள் அவன் விரல்களைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எத்தினி நாளா கீது?”

“ரெண்டு மூணு மாசமா.”

“இன்னா போட்ட?”

“தேங்கா எண்ண...”

“அறிவு கீதா உனக்கு? புண்ணு மேல எண்ணய தடவி, அதும்மேல திருப்பியும் ரப்பர கட்டிகினு... படிச்சவன்தான நீ? டாக்டராண்ட போவ கால் இல்லியா?”

திட்டிக்கொண்டே இருந்தாள். அவன் சமாளிப்பு, அவன் அப்பாவிடம் மறைத்தது, மழையில் குடையில்லாமல் ஓடிவந்தது என்று ஒன்றையும் விடவில்லை. ஆனால் பிடித்த கையை மட்டும் விட்டபாடில்லை.

“இன்னொரு தபா அத கட்டிகினு என் கண்ணு முன்னால வந்து பாரு...”

“வரலாமா?”

“இன்னா?”

“உங்க கண்ணு முன்னால.”

அவள் நிமிர்ந்தாள். அந்தக் கண்கள் அவன்மேல் வந்து நின்றன. கோபம் அப்படியேதான் இருந்தது, கூடவே வேறொன்றும் இருந்தது.

“அது இல்லாம வா” என்றாள்.