கிளை நுனி காட்டிய பக்கம்

மலைக்கோயிலுக்குப் போகும் காட்டுப்பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், ஒரு மரத்தின் தாழ்ந்த கொம்பில் மூன்று பச்சைக் கிளைகள் தொங்கின. பாக்கியலெட்சுமி உடனே செருப்பைக் கழற்றினாள்.

காட்டுக்குள் நுழைகிறவர்கள் ஒரு கிளையை ஒடித்து இப்படித் தொங்கவிட்டு, காட்டுச்சாமியிடம் வழித்துணை கேட்பது அந்தப் பக்கத்து வழக்கம். சிலையும் வேண்டாம், பூசாரியும் வேண்டாம். ஒருவர் தொங்கவிட்டால் போதும், பின்னால் வருகிறவர்கள் தாமாகத் தொங்கவிடுவார்கள்.

"நீ போய்க்கிட்டே இரு நல்லம்மா. சாமிகிட்ட கொஞ்சம் பேசணும்."

"பாத்துடி... சாமியையும் கேள்வி கேட்டுக் கொல்லாத" என்று சொல்லிவிட்டுத் தோழி நடந்தாள்.

பாக்கியலெட்சுமி ஒரு கிளையைத் தொங்கவிட்டுக் கண்ணை மூடினாள்.

"சாமி, வர்ற ஞாயித்துக்கெழம மடுல்சீமைக்காரங்க வெத்தல மாத்த வர்றாங்க. மாத்திட்டா முடிஞ்சுபோச்சு. மாப்பிள்ள மோசமில்ல. ஆனா, தேயில ஸ்டோர்ல கொழுந்து எப்படிக் கறுப்பாகுதுன்னு கேட்டேன். 'ஒனக்கெதுக்கு அது'ன்னுட்டாரு. ஆயுசு பூரா அதையே கேட்டுக்கிட்டு இருக்க முடியுமா? கேட்டா பதில் சொல்ற ஒருத்தர அதுக்குள்ள அனுப்பு. அழகெல்லாம் ஒன் இஷ்டம்."

மரத்துக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்தபடி ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். தூறல் அவன் இமைகளில் பொட்டுப் பொட்டாக நின்றது. கண்களோ... பதிலைச் சொல்லாவிட்டால் வெடித்துவிடும் போலிருந்தன.

"எடுத்ததும் கறுப்பாகாதுங்க" என்றான். "ரோலர்ல நசுங்கிச் சாறு வருதில்ல, அதுல காத்துப் பட்டதும் செம்பு நெறமாகும். நறுக்கி வச்ச கத்தரிக்கா மாதிரி. சூடு காட்டிக் காய வச்சாத்தான் கறுப்பு. நான் ஸ்டோர்ல மெசின் வேல பாக்கறேன். பேரு கணபதி."

"ஒட்டுக் கேட்டீங்களா?"

"நான் மொதல்லயே இங்கதாங்க இருந்தேன். இன்னொண்ணு... கோவிச்சுக்காதீங்க. இது சாமியில்ல."

"பின்ன?"

"என் சிநேகிதன் ஸரூக் பின்னால வர்றான், பண்டாரவளைத் துணிக்கடைக்காரன். புதுச் சப்பாத்து, நடக்க முடியல. அவனுக்கு அடையாளம். நுனி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வரணும். காத்துல ஒண்ணு திரும்பினாலும் மத்த ரெண்டும் சரியாச் சொல்லும், அதான் மூணு."

அவளுக்குக் காது சுட்டது. மனசையெல்லாம் ஒரு கைகாட்டியிடம் கொட்டியிருக்கிறாள்!

"கும்பிடறப்பவே சொல்றதுக்கென்ன?"

"நடுவுல பேசினா மரியாதையில்லையேன்னு..."

அவள் திரும்பிப் பாராமல் நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது. "செருப்பு..."

அவன் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டாள். இந்த ஆளிடம் இனி ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்ற அவளுடைய சபதம் கோயில் மணியடிக்கும்வரை நிலைத்தது. அடித்து முடித்த பிறகும் மணி ஏன் முனகிக்கொண்டே இருக்கிறது? அவன் அங்கேதான் நின்றான்... கேட்டுவிட்டாள். அவன் சொன்னான். அந்தப் பதிலிலிருந்து அடுத்த கேள்வி முளைத்தது.

"நான் ஒருத்தி கூட வந்திருக்கேன்" என்று நல்லம்மா ஞாபகப்படுத்தினாள்.

பிற்பகலில் கோயிலுக்கு வந்த சனத்தோடு மூவரும் இறங்கும்போது, பாதை பிரிகிற இடத்தில் நாற்பது கிளைகளாவது தொங்கின. அடியில் கற்பூரம் எரிந்தது. நடுவே சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு ஸரூக் உட்கார்ந்திருந்தான்.

"என்ன மச்சான் அடையாளம் இது? எல்லாப் பக்கமும் வா எண்டு சொல்லுது. ரெண்டு தரம் சுத்திட்டு இங்கயே இருந்துட்டன். காவலுக்கு இருக்கிற ஆள் எண்டு நெனச்சு வாழப்பழம் தந்துட்டுப் போறாங்க. வேணாம் எண்டாலும் கேக்கிறாங்க இல்ல."

நல்லம்மா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு பதுளை பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று அவனையும் பழச்சீப்பையும் கிளப்பிக்கொண்டு முன்னே இறங்கினாள்.

பாக்கியலெட்சுமியின் சிரிப்பு அடங்கியது. பஸ் வந்துவிடும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிடும்...

கணபதி ஒரு கிளையை ஒடித்தான். "மரத்துக்குப் பின்னால போய் நில்லுங்க."

"எதுக்கு?"

"காலையில நீங்க பேசினத நான் கேட்டேன். இப்ப நான் பேசறத நீங்க கேக்கணும். அதுதான் ஞாயம்."

அவள் போய் நின்றாள்.

"சாமி... நீ இல்லைன்னு சொன்னது தப்பு. இந்தப் பொண்ணு இன்னைக்கு என்னைப் பதினேழு கேள்வி கேட்டுச்சு. பதினெட்டாவது கேக்காமப் போயிருமோன்னு பயமா இருக்கு. எனக்கு இவங்கள ரொம்பப் புடிச்சிருக்கு. சனிக்கெழம எங்கம்மாவ இவங்க ஊரு ஸ்பிரிங்வெளிக்குக் கூட்டிட்டு வரலாமான்னு தெரியணும்."

இலைகளிலிருந்து நீர் சொட்டியது. பிறகு மரத்துக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல்.

"எத்தன மணிக்குன்னு சாமி கேக்குது."

"மூணு மணி பஸ்ஸுல."

"எங்கப்பா நெறையக் கேள்வி கேப்பாரு. என்னை விட அதிகம்."

"சொல்றேங்க. எல்லாத்துக்கும்."

அவள் வெளியே வந்தாள். அவன் தொங்கவிட்ட கிளையின் நுனியை ஸ்பிரிங்வெளிப் பக்கம் திருப்பினாள். பின்னலிலிருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்த்து, கிளையைக் கொம்போடு இறுக்கிக் கட்டினாள்.

"ரிப்பன் எதுக்குங்க?" என்றான். அன்றைக்கு அவன் கேட்ட முதல் கேள்வி அது.

"காத்துல திரும்பிரக் கூடாதில்ல."