சமவாய்ப்புக் கட்டம்

2091 மார்ச் 4 அன்று தூத்துக்குடி மிதவை நகரில் ஒருவர் மட்டும் வசிக்கும் வீடுகள் 4,112.

அவற்றில் ஒன்றில் இருந்த செலஸ்டினா, தனியர் வீட்டு மாற்று அலுவலகத்துக்கு வந்திருந்தார். உப்புநீக்கி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்டது பெரிய வீடு அல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் சத்தம் கேட்கிற வீடு.

மிதவை நகரில் எல்லோர் மணிக்கட்டிலும் மனமானி உண்டு. அது பதியும் மனச்சோர்வை மாறல் பகுப்பான் என்ற இயந்திரம் பங்கு பிரிக்கும்: இவ்வளவு ஆளால், இவ்வளவு வீட்டால். ஆளின் பங்குக்கு மாத்திரை. வீட்டின் பங்கு வரம்பைத் தாண்டினால் வேறு வீடு.

எழுத்தர் பரமகுரு திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"வரம்பு நூத்துக்கு நாப்பது. உங்க வீட்டுக்கு ஒம்பதுதான் வருது. மாத்திரை எழுதியிருக்கு, வாங்கிக்கோங்கம்மா."

"எட்டு மாசமா அழுதுக்கிட்டு கெடக்கேன். ஒம்பதா?"

"படிவத்துல வீட்டுக்கு எந்தக் கட்டத்தத் தொட்டீங்க? நிலைத்த விளைவா, சமவாய்ப்பு விளைவா?"

"சமவாய்ப்புதான். எல்லாரையும் போல எனக்கும் ஒரு வாய்ப்பு குடுங்கன்னுதானே வந்திருக்கேன்?"

பரமகுரு சிரித்துவிட்டார். உடனே நிறுத்திக்கொண்டார்.

"அது அந்த வாய்ப்பு இல்லம்மா. குலுக்கல்ல விழுந்த சீட்டு மாதிரி, ஊர்ல உள்ள வீட்டுல உங்களதும் ஒண்ணுன்னு மிஷின் எடுத்துக்கிடும். வீட்டுல நாலு பேர் இருந்து நாலு பேரும் சோர்ந்திருந்தா நம்பும். ஒத்த ஆள்னா ஊர்ச் சராசரிப் பக்கம் இழுத்துரும்."

"அப்போ மத்த கட்டத்தத் தொடுதேன்."

"அதுவும் நிக்காது. அதுல ஊரச் சேக்காம உங்க வீட்ட மட்டும் தனியாப் பாக்கும். ஒத்த ஆள் வீட்டுல ஆளு எது, வீடு எதுன்னு பிரிக்க முடியலன்னு திருப்பி அனுப்பிரும். கூட இன்னொருத்தர் இருந்தா..."

"இன்னொருத்தர் இருந்தா நான் எதுக்குய்யா இங்க வாரேன்?"

பரமகுரு திரையை அணைத்தார். "நேத்து மட்டும் முப்பது பேரும்மா. எல்லாரும் அதே கட்டந்தான்."

ஏப்ரல் இறுதியில் பகுப்பானின் ஆண்டறிக்கை வந்தது. தனியர் வீடு எதுவும் வரம்பைத் தாண்டவில்லை. தேவை இல்லை என்று மாற்று அலுவலகத்தை மூடினார்கள். மாதம் ஒருமுறை தானியங்கி ஒன்று செலஸ்டினாவின் வாசலில் மாத்திரையை வைத்துவிட்டுப் போகிறது.