இவர்களில் தாத்தா யார்?

அந்த உறையின் மேல் அப்பா மகேசனின் பெயர் இருந்தது. ஆனால் அப்பா இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

கௌரி அதைத் தபால் பெட்டியிலிருந்து எடுத்து, மழையில் நனையாமல் ஸ்வெட்டருக்குள் ஒளித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

"அம்மா! பினாங்குலேர்ந்து அப்பாவுக்கு..." பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அம்மா திலகா உறையைப் பிரித்தார். உள்ளே பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் இருந்தன.

"அப்பாவோட அத்தை பெட்டியில இருந்ததாம். அவங்க மகன் அப்பா இருந்தப்பவே போன்ல சொன்னாரு. கப்பல் தபால்ல அனுப்பியிருக்காரு. அதான் இவ்வளவு லேட்டு."

"யாரு படம்மா?"

"உன் தாத்தாவோட பேஸ்பால் டீம்."

பினாங்கு துறைமுகத்தில் வேலை பார்த்த தாத்தா நல்லசாமி, அப்பா கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். அவர் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. 'எங்கப்பா முகம் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது' என்று அப்பா அடிக்கடி சொல்வார். இப்போது படம் வந்துவிட்டது. பார்க்க அப்பா இல்லை.

"இதுல தாத்தா யாரும்மா?"

"அனுப்புனவருக்கே தெரிலயாம். இனிமே தெரிஞ்சு என்னா ஆவப்போவுது? உள்ள வெச்சிரு மா."

அம்மா மடிக்காத துணிக்குவியலின் பக்கத்தில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். இந்த ஒரு மாதமாக அப்படித்தான்.

கௌரி படங்களை அறைக்குக் கொண்டுபோனாள். ஒன்றில் யாரோ ஓடினார்; புழுதியில் முகமே தெரியவில்லை. இன்னொன்றில் மட்டை பிடித்தவரின் முதுகு. கடைசிப் படத்தில்தான் அணி முழுவதும் நின்றது.

தாத்தாவைப் பற்றி அப்பாவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அவர் இடது கையால் பந்து வீசுவார். அப்படியென்றால் பந்தைப் பிடிக்கும் கையுறை வலது கையில் இருக்க வேண்டும். பள்ளியில் சாஃப்ட்பால் ஆடும் கௌரிக்கு அது தெரியாதா?

ஆவலோடு பார்த்தாள். ஒரே ஒருவரைத் தவிர எல்லோருமே வலது கையில்தான் கையுறை மாட்டியிருந்தார்கள்!

"இடதுகைக்காரங்களா பொறுக்கியா டீம் சேத்தாங்க?" என்று படத்திடமே கேட்டாள். சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. இருந்த ஒரே அடையாளமும் போயிற்று.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோதுதான் சட்டைகளில் இருந்த ஆங்கில எழுத்துகள் உறுத்தின. 'ஜி' என்ற எழுத்து எதிர்ப்பக்கம் திரும்பி நின்றது.

கௌரி குளியலறைக்கு ஓடிக் கண்ணாடியின் முன் படத்தைப் பிடித்தாள். 'பினாங்கு' என்று எழுத்துகள் நேராகின. யாரோ படத்தை இடவலம் மாற்றி அச்சடித்திருக்கிறார்கள்! இப்போது எல்லோருடைய கையுறையும் இடது கையில் இருந்தது. பின்வரிசை ஓரத்தில் நின்ற ஒல்லியான இளைஞருக்கு மட்டும் வலது கையில்.

"அம்மா! வாயேன்! கண்ணாடியில பாரு!"

அம்மா அலுப்போடு வந்தார். கௌரி காட்டிய முகத்தைக் கண்ணாடியில் பார்த்ததும் இன்னும் நெருங்கி வந்தார்.

"சிரிப்பு... ஒரு பக்கமா ஏறுது பாரு. அப்பாவுக்கு அப்படியே இதே சிரிப்பு."

"அப்பா பாத்திருக்கணும்மா," என்றாள் கௌரி.

அம்மா குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். கௌரி பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டாள், அவளும் அழுதாள்.

வெகுநேரம் கழித்து அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒரு பென்சில் எடுத்துட்டு வா," என்றார்.

படத்தின் பின்பக்கத்தில், அந்த இளைஞர் நிற்கும் இடத்துக்கு நேராக, படம் அழுந்திவிடாமல், கௌரி 'நல்லசாமி' என்று எழுதினாள். அம்மா பென்சிலை வாங்கி அதன் கீழே 'மகேசனின் அப்பா' என்று எழுதினார்.

இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. கௌரி 'என் தாத்தா' என்று எழுதினாள்.